மைவிக்கு 8000 வெள்ளி: கெந்திங் ஏற எதை மாற்றலாம்?

கேள்வி: அண்ணே, 2018 பெரோடுவா மைவி 1.5 ஆட்டோ கார் வைத்திருக்கிறேன். 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. தினமும் கெப்போங்கிலிருந்து ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை கூட்டாளிகள் மூன்று பேரோடு கெந்திங் மலை ஏறும்போது வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. போன வருடம் 17 இன்ச் ரிம், 205/45 டயர் போட்டேன். கையில் 8000 வெள்ளி இருக்கிறது. ஓப்பன் ஃபில்டர், ஹெடர், 2.5 இன்ச் எக்சோஸ், பிக்கிபேக் எல்லாம் போடலாமா? இல்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்து டர்போவே போட்டுவிடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கெந்திங் விஷயம்தான். பெரும்பாலானவர்கள் வந்து "அண்ணே, எத்தனை குதிரை ஏறும்?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் வண்டி எந்த இடத்தில் திணறுகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பாதிப் பணம் மிச்சமாகும். செந்தூல் பக்கம் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் கை அழுக்கானவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் வண்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன். நாலு பேர் ஏறினால் இன்னும் 280 கிலோ. ஆக 1300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, அந்த எடையைத் தூக்க மட்டும் சுமார் 28 குதிரைத்திறன் வேண்டும். காற்றின் எதிர்ப்பு, டயர் உருளும் இழுப்பு இரண்டையும் சேர்த்தால் 35. உங்கள் எஞ்சினின் திறன் 102. அப்படியானால் ஏன் திணறுகிறது?

அந்த 102 வருவது 6000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுற்றும்போது. டார்க், அதாவது திருப்பும் விசை, 136 நியூட்டன் மீட்டர், அதுவும் 4200-இல்தான் உச்சம். உங்கள் நாலு கியர் ஆட்டோ, மலையில் மேல் கியரைப் பிடித்துக்கொண்டு 2500 பக்கம் நின்றால் என்ன கிடைக்கும்? அந்த 136-உம் முழுசாகக் கிடைத்தால்கூட 2500-இல் 48 குதிரைதான். கெந்திங் உச்சி ஏறக்குறைய 1800 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்ச்சி கொஞ்சம் ஈடுகட்டினாலும், எஞ்சினுக்குப் போகும் காற்றில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 48 என்பது 40 ஆகிறது. கியர்பாக்ஸைத் தாண்டி டயருக்கு வந்து சேரும்போது 34, 35. மலை கேட்பதும் 35. வரவும் செலவும் சரியாகப் போனால் கையில் மிச்சம் ஏது? அதுதான் நீங்கள் மிதித்தும் வண்டி அசையாத அந்த உணர்வு.

அதனால் உங்களுக்குக் குறைவது உச்சக் குதிரைத்திறன் இல்லை. 2500-இலிருந்து 4000 வரைக்கும் உள்ள இழுவை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு விற்கும் பாகங்களில் பெரும்பாலானவை சக்தியைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கின்றன. மேலே வைத்தால் கீழே குறையும். கடைக்காரர் காட்டும் டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் மெஷின்) தாளில் மேல் நுனியை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, ஜாலான் கூச்சிங் நெரிசலில் வண்டி முன்பைவிட மந்தமாகிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஷோரூமிலேயே உதாரணம் இருக்கிறது. 2021-இல் வந்த பெரோடுவா அட்டிவாவின் 1.0 டர்போ எஞ்சினுக்குக் குதிரைத்திறன் உங்கள் மைவியைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அதன் 140 நியூட்டன் மீட்டர் டார்க் 2400-லேயே வந்துவிடுகிறது, 4000 வரை அப்படியே நிற்கிறது. இரண்டையும் ஒரே மலையில் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் காலில் தெரியும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். நீங்கள் ஏற்கெனவே ஒரு மாற்றம் செய்துவிட்டீர்கள், அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மைவி 1.5-இல் கம்பெனி கொடுத்தது 185/55, 15 இன்ச். அதன் முழு விட்டம் ஏறக்குறைய 585 மில்லிமீட்டர். உங்கள் 205/45, 17 இன்ச்சின் விட்டம் 616. ஐந்து சதவீதத்துக்கும் மேல் பெரியது. சக்கரம் பெரிதானால் எல்லாக் கியரும் ஐந்து சதவீதம் உயர்ந்த மாதிரி. தரையைத் தள்ளும் பலம் அதே அளவு குறையும். ரிம், டயர் எடை கூடினால் அதைச் சுழற்றவும் தனியாக உழைக்க வேண்டும். ஒன்று கேட்கிறேன்: நாலு பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது பின்பக்க ஃபெண்டரில் டயர் உரசும் சத்தம் வருகிறதா? வந்தால் ஆச்சரியமில்லை. ஸ்பீடோமீட்டரும் முன்பைவிட வேகத்தைக் குறைத்துக் காட்டும். 110 என்று நினைத்துப் போகிறபோது நீங்கள் அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கலாம்.

அந்த ஐந்து சதவீதத்தை நினைவில் வையுங்கள். டர்போ இல்லாத வண்டிக்கு நல்ல ரீமேப் (எஞ்சின் கணினியின் அட்டவணையை மாற்றுவது) செய்து, என் கையில் வந்த பலன் பெரும்பாலும் அந்த அளவுதான். அதாவது பழைய 15 இன்ச் ரிம்மைத் திரும்ப மாட்டினால், ஒரு ரீமேப்பின் பலன் காசில்லாமல் வந்துவிடும். 17-இன் தோற்றம்தான் வேண்டும் என்றால் 195/40 டயர் போடுங்கள். விட்டம் 588, பழைய அளவுக்கு ஒட்டி வரும். ரிம்மை எடை பார்த்து வாங்குங்கள். ஆனால் நம் ரோட்டுக் குழிகளில் 40 பக்கச் சுவர் டயர் ரிம்மைக் காப்பாற்றாது. நானாக இருந்தால் 15-க்கே திரும்புவேன்.

அடுத்தது எஞ்சின் உடல்நிலை. 1,40,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் 102 குதிரை கொடுக்கிறது என்று யார் சொன்னது? அளந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு டைனோவில் ஏற்றி மூன்று ஓட்டம் ஓட்டுங்கள். டயரில் வரும் எண் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு எதை மாற்றினாலும் அதே டைனோ, அதே டயர், அதே பெட்ரோல், முடிந்தால் அதே நேரத்து வெயில் என்று வைத்து ஒப்பிட வேண்டும். வேறு கடையின் டைனோவோடு ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு கணக்கு சொல்லும்.

அப்புறம் கம்ப்ரெஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளப்பது. நாலு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டியூனிங் பேச்சையே அங்கே நிறுத்திவிட வேண்டும். பிளக், காயில், த்ரோட்டில் பாடி அழுக்கு, இன்டேக் பக்கத்துக் காற்றுக்கசிவு, தெர்மோஸ்டாட், ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய் எல்லாவற்றையும் பாருங்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி, பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூல் டிரிம் எண்ணைக் கவனியுங்கள். பிளஸ் பத்து, மைனஸ் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. பிளஸ் பக்கம் பதினைந்து, இருபது என்று நின்றால் எஞ்சினுக்கு எங்கோ பெட்ரோல் குறைகிறது அல்லது காற்று கசிகிறது, எஞ்சினின் கணினியான இசியு அதைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் மேலே என்ன பாகம் வைத்தாலும் நோயாளிக்குப் புதுச் சட்டை போட்ட கதைதான். இந்த வேலைகளை மட்டும் முடித்துவிட்டு "டர்போ போட்ட மாதிரி இருக்கு அண்ணே" என்று சொன்ன வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு.

இனி உங்கள் பட்டியல்.

ஓப்பன் ஃபில்டர் வேண்டாம். சத்தம் நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பெனியின் ஃபில்டர் பெட்டி வெளியிலிருந்து காற்றை எடுக்கும்படி செய்தது. அதைக் கழற்றிவிட்டு மொட்டையாக ஒரு ஃபில்டரை மாட்டினால், எஞ்சின் கூடத்துக்குள் வெந்து கிடக்கும் காற்றைத்தான் அது குடிக்கும். வெளியே 32 டிகிரி, பானட்டுக்குள் 60 டிகிரி என்றால் அந்தக் காற்றின் அடர்த்தி எட்டு சதவீதம் குறைவு. அடர்த்தி குறைந்தால் ஆக்சிஜன் குறைவு, அதோடு இழுவையும் குறையும். எம்ஆர்ஆர்2 சாலையில் பத்துமலைப் பக்கம் நெரிசலில் நின்றபோது அப்படி ஒரு வண்டியில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன், இன்டேக் காற்று 60-ஐத் தாண்டி நின்றது. அதே நேரம் பெட்டி போட்ட வண்டி பத்துப் பதினைந்து டிகிரி குறைவாகக் காட்டும். பழைய பெட்டிக்குள் நல்ல ஃபில்டர் ஒன்றைப் போட்டு, காற்று வரும் குழாய் ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

2.5 இன்ச் எக்சோஸும் வேண்டாம். 1.5 லிட்டர் எஞ்சினுக்கு அது ஆற்றில் விட்ட குழாய்த் தண்ணீர் மாதிரி. புகை குழாயில் வேகமாக ஓடினால்தான் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொண்டு போகும். குழாய் அகலமானால் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம் இழுவை அதோடு போகும். நீங்கள் எதைத் தேடுகிறீர்களோ அதையே காசு கொடுத்து வெளியே தள்ளுவதாகும். மாற்றியே தீர வேண்டும் என்றால் 2 இன்ச் தாராளம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுக்கவே கூடாது. எடுத்தால் புகை நாறும், செக் எஞ்சின் விளக்கு எரியும், சட்டப்படியும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஹெடர், அதாவது சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி, மட்டும் உங்கள் பட்டியலில் கொஞ்சம் அர்த்தமுள்ளது. அதிலும் 4-2-1 வகை. நாலு குழாய் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாகும். அது நடு ஆர்பிஎம்முக்கு உதவும். 4-1 வகை மேல் ஆர்பிஎம்முக்கானது, செப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றுபவருக்கு நல்லது. ஒரே உலோகம், ஒரே வேலைப்பாடு, ஆனால் குழாய் எங்கே சேர்கிறது என்பதைப் பொறுத்துச் சக்தி இடம் மாறுகிறது.

பிக்கிபேக் பற்றி. இது இசியுவுக்கும் சென்சாருக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்லும் பெட்டி. "காற்று இவ்வளவுதான் வந்தது" என்று மாற்றிச் சொல்லி பெட்ரோல் அளவையும், பிளக் பற்றவைக்கும் நேரமான டைமிங்கையும் நகர்த்தும். சாதாரண ஓட்டத்தில் உங்கள் இசியு ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தன்னைத்தானே திருத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் கொஞ்ச நாளில் அந்தப் பொய்யை அது கண்டுபிடித்து ஈடுகட்டப் பார்க்கும். இரண்டும் இழுபறி. இசியுவுக்குள்ளேயே அட்டவணையை மாற்றும் ரீமேப் சுத்தமான வழி. உங்கள் வண்டியின் இசியுவுக்கு அதைச் செய்து, டைனோவில் வைத்து, நாக் (கலவை தானே வெடித்துத் தட்டும் சத்தம்) வருகிறதா என்று காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கேட்டு டியூன் செய்யும் ஆள் கிடைத்தால் செய்யுங்கள். கைப்பேசியில் ஒரு ஃபைலை வாங்கி ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிட்டுப் போகும் ஆளிடம் கொடுக்காதீர்கள்.

ரீமேப் செய்தால் பெட்ரோலும் பேச்சில் வரும். ரோன் 97 பெட்ரோலில் 95-ஐவிட அதிக சக்தி இருப்பதாக நம்மூரில் ஒரு நம்பிக்கை. ரோன் என்பது நாக் வராமல் தாங்கும் திறன், அவ்வளவுதான். 95-க்காகச் செய்த எஞ்சினில் 97 ஊற்றினால் பெரிதாக ஒன்றும் மாறாது. ஆனால் டைமிங்கை முன்னே தள்ளி 97-க்கு டியூன் செய்தால், அப்புறம் வாழ்நாள் முழுக்க 97தான் ஊற்ற வேண்டும். தினம் ஷா ஆலாம் போய் வருபவர், வாரா வாரம் விலை மாறும் பெட்ரோலுக்குத் தன்னைக் கட்டிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் எஞ்சினின் கம்ப்ரெஷன், அதாவது கலவையை அழுத்தும் விகிதம், 11.5-க்கு 1. ஏற்கெனவே உயரம். அதில் டைமிங்கைத் தள்ள மிச்ச இடம் குறைவு.

அந்த 11.5 என்ற எண்தான் டர்போவுக்கும் பதில். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

புரோட்டோன் தன் கேம்ப்ரோ 1.6 எஞ்சினை டர்போ ஆக்கியபோது என்ன செய்தது என்று பாருங்கள். பழைய 1.6-இன் கம்ப்ரெஷன் 10. டர்போ வைத்த சிஎஃப்இ எஞ்சினில் அதை 8.9-க்கு இறக்கினார்கள். பிஸ்டன் ஓடும் தூரத்தை 88 மில்லிமீட்டரிலிருந்து 86 ஆக்கினார்கள், அதனால்தான் 1597 சிசி 1561 ஆனது. இன்டர்கூலர், ஆயில் கூலர் வைத்தார்கள். பலன் 138 குதிரை, 205 நியூட்டன் மீட்டர், அதுவும் 2000-இலிருந்தே. டர்போ இல்லாமல் கேம் மாற்றும் நுட்பத்தோடு வந்த சிபிஎஸ் எஞ்சின் 125 குதிரை, 150 நியூட்டன் மீட்டர். குதிரையில் 13 வித்தியாசம், டார்க்கில் 55. டர்போவின் உண்மையான வரம் அந்த 55தான். ஆனால் அதற்காக எஞ்சினின் உள்ளே அத்தனை வேலை செய்ய வேண்டியிருந்தது.

இப்போது உங்களிடம் டர்போ கிட் விற்கிறவர் உள்ளே எதையும் தொடப் போவதில்லை. 11.5 கம்ப்ரெஷனுக்கு மேல் காற்றை அழுத்தித் திணிக்கப் போகிறார். காற்று அழுந்தினால் சூடாகும், சூடானால் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே மூலையில் இருக்கும் கலவை தானே வெடிக்கும். அதுதான் நாக். நம் வெயிலில், நாலு பேரோடு, மலையில், பெடலை அழுத்தியபடி. நாக் வருவதற்கு இதைவிடத் தோதான சூழ்நிலை கிடையாது.

இதை எழுதும்போது என் பழைய புரோட்டோன் வீரா 1.5 ஞாபகம் வருகிறது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பட்டறையில் புதிதாகச் சேர்ந்த காலம். வேறொரு கடையில் ஹாஃப் கட்டிலிருந்து (வெட்டி விற்கும் பழைய காரின் முன்பாதி) எடுத்த சின்ன டர்போவை மாட்டிக்கொண்டேன். உள்ளே எதையும் மாற்றவில்லை, இன்ஜெக்டரும் பழையதே. முதல் இரண்டு வாரம் சொர்க்கம். பிறகு ஒரு ஞாயிறு, காராக் நெடுஞ்சாலையில் புக்கிட் திங்கி ஏற்றத்தில் பின்னால் ஒரே நீலப் புகை. கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங்கைத் தாங்கும் விளிம்பு உடைந்து போயிருந்தது. பெட்ரோல் போதவில்லை, கலவை மெலிந்தது, சூடேறியது, நாக் அடித்து உடைந்தது. பின் இருக்கையில் என் அம்மா இருந்தார். சாலையோரம் அரை மணி நேரம், பக்கத்தில் லாரிகள் பறக்க, அம்மாவை இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இன்றைக்கு உங்களுக்கு இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

டர்போவைச் சரியாகச் செய்ய வேண்டும் என்றால் பிஸ்டன், கனெக்டிங் ராட், இன்ஜெக்டர், இன்டர்கூலர், முழு இசியு, உங்கள் ஆட்டோ கியர்பாக்ஸ் தாங்குமா என்ற கேள்வி, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, சோதனை மையத்தில் பரிசோதனை, காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவல். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். 8000 வெள்ளியில் இதெல்லாம் முடியாது. அவ்வளவு டார்க் வேண்டுமென்றால், இந்த வண்டியை விற்றுவிட்டுக் கம்பெனி டர்போ உள்ள வண்டிக்கு மாறுவதுதான் மலிவு. அப்படிப்பட்ட வண்டியில் ரீமேப் செய்தால் கிடைக்கும் பலனும் பல மடங்கு.

குறைந்த உச்சத்தில் நிறைய டார்க் என்பது ஏதோ இரண்டாம் தர ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். நம் ஈப்போக்காரர் கரம்ஜித் சிங் 2002-இல் உலக ராலியின் புரொடக்ஷன் கார் பட்டத்தை வென்றது அப்படிப்பட்ட வகுப்பில்தான். அந்த வகுப்பில் டர்போவுக்குப் போகும் காற்றை ஒரு குறுகலான வளையம் கட்டுப்படுத்தும். மேல் ஆர்பிஎம்மில் எவ்வளவு முயன்றாலும் குதிரை ஏறாது. அதனால் நடுவில் டார்க்கைக் குவிப்பார்கள்.

பிளஸ், மைனஸ் கேபிள், வோல்டேஜ் ஸ்டெபிலைசர், இன்டேக்கில் சொருகும் காற்றாடி, டேங்கில் போடும் மாத்திரை இவற்றுக்கெல்லாம் ஒரு வெள்ளிகூட வேண்டாம்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கவலை. ஏறும்போது 28 குதிரை கேட்ட அதே மலை, இறங்கும்போது அந்த 28 குதிரையையும் உங்கள் மேல் திருப்பிக் கொட்டும். அதைப் பிரேக்கும் எஞ்சினும்தான் தாங்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140-லேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இத்தனை வருட வண்டியில் இதுவரை மாற்றியிருக்கிறீர்களா? டாட் 4 போடுங்கள், அதன் புது அளவு 230, ஈரமானால் 155. நல்ல பேட், மழையில் பிடிக்கும் நல்ல டயர். இறங்கும்போது கியரைக் கீழே இறக்கிவிட்டு எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். ஏறும்போதும் அதே பழக்கம் உதவும்: சரிவு தொடங்கும் முன்பே கியரை இறக்கி 3500, 4000-இல் வைத்திருங்கள். சத்தம் போடும், போடட்டும். அந்த எஞ்சின் அங்கேதான் வேலை செய்யப் பிறந்தது.

ஆகவே உங்கள் பணத்தை நான் இப்படிப் பிரிப்பேன். டைனோ, கம்ப்ரெஷன் சோதனை, பிளக்கிலிருந்து கியர்பாக்ஸ் எண்ணெய் வரை எல்லாப் பராமரிப்புக்கும் 2000 வெள்ளி ஒதுக்குங்கள். 15 இன்ச்சுக்கு நல்ல டயர் நாலு, பிரேக் பேட், பிரேக் எண்ணெய்க்கு இன்னொரு 2000. இதோடு மூன்று மாதம் ஓட்டுங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் 4-2-1 ஹெடரும், 95-க்கே டியூன் செய்த ரீமேப்பும், இரண்டையும் ஒன்றாக, ஒரே டைனோவில். மிச்சம் வங்கியில் இருக்கட்டும். ஒரு நாள் செப்பாங்கில் டிராக் டே வரும்போது நுழைவுக் கட்டணம் கட்டி 5.5 கிலோமீட்டர் சுற்றில் உங்கள் வண்டியை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். பழைய ரிம் வீட்டில் இருந்தால் மாட்டுங்கள். ஸ்கேனரை வைத்து அதே மூன்று கூட்டாளிகளோடு கெந்திங் ஏறுங்கள், பக்கத்தில் உட்காருகிறவர் ஆர்பிஎம், இன்டேக் காற்றின் சூடு, ஃப்யூல் டிரிம் மூன்றையும் எழுதட்டும். அந்தத் தாளோடு வாருங்கள், ஹெடர் தேவையா இல்லையா என்பதை அதை வைத்துப் பேசலாம்.